பேறுகாலத் தேதியும் வாய்தாத் தேதியும்

(சிறையிலுள்ள கர்ப்பிணிகளின் நலம் குறித்துப் பூந்தமல்லியில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பூந்தமல்லியில் பொதுச் சுகாதார நிறுவனம் இருக்கிறது. சுகாதாரப் பணியாளர்கள் பல தலைமுறையாக அங்கே வந்து பயிற்சி பெற்றுப் போகிறார்கள். இதே ஊரில் நீதிமன்றங்கள் இருக்கின்றன. வெடிகுண்டு வழக்குகளுக்கான தனி நீதிமன்றம் இருக்கிறது. கிளைச் சிறையும் இருக்கிறது. கர்ப்பிணியை எப்படிக் கவனிப்பது என்று ஒரு வளாகத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். இன்னொரு வளாகத்திலிருந்து கர்ப்பிணியைப் புழல் சிறைக்கு அனுப்புகிறோம். இந்த இரண்டு வளாகங்களுக்கும் இடையே பேச்சுவார்த்தை கிடையாது. அந்தப் பேச்சைத் தொடங்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சிறையிலுள்ள கர்ப்பிணியின் நலத்தைப் பற்றிப் பேசினாலே சிறை மருத்துவமனையில் டாக்டர் உண்டா, முட்டை உண்டா, பால் உண்டா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்ணும் பிள்ளையும் நல்லபடி பிழைப்பார்களா என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. முதல் நாள் அவரை நீதித்துறை நடுவர் முன் நிறுத்துகிறார்களே, அந்தச் சில நிமிடங்களில் முடிவாகிறது. அங்கே யாரும் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பிறகு எந்த டாக்டராலும் முழுதாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

இந்த ஊர் வழக்கிலிருந்தே தொடங்குகிறேன். 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா தனி நீதிமன்றம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் விசாரணையை எதிர்கொண்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அவர்களில் ஒருவர் நளினி. 1991 ஜூனில் கைதானபோது அவர் கர்ப்பிணி. 1992இல் சிறைக்காவலில் இருக்கும்போதே பெண் குழந்தையைப் பெற்றார். இங்கே தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது அந்தக் குழந்தைக்கு ஆறு வயது. குழந்தையின் தந்தை முருகனுக்கும் அதே தண்டனை.

ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 இரவு அங்கே ராஜீவ் காந்தியோடு காவலர்களும் பொதுமக்களும் உயிரிழந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அநாதையானார்கள். அந்தத் துயரத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. என் கேள்வி வேறு. தாய் எந்தக் குற்றத்துக்காக உள்ளே இருந்தாலும் சரி, வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மேல் எந்தப் பிரிவில் வழக்கு?

1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 26 பேரில் நளினி, முருகன் உட்பட நால்வரின் மரண தண்டனையை உறுதி செய்தது. மூன்று நீதிபதிகளில் கே.டி. தாமஸ் மட்டும் நளினிக்கு ஆயுள் தண்டனை போதும் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, சிறைக்காவலில் பிறந்த அந்தச் சின்னப் பெண். தாயும் தகப்பனும் தூக்கில் போனால் அவள் கதி என்ன என்று அவர் பார்த்தார். 2000 ஏப்ரலில் நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2019 ஜூலையில், மகளின் திருமண ஏற்பாட்டுக்காக, சென்னை உயர் நீதிமன்றத்தில் தாமே வாதாடி ஒரு மாதப் பரோல் பெற்றார். விடுதலை 2022 நவம்பரில். சிறையில் பிறந்தவள் கல்யாண வயதை எட்டியபோதும் தாய் கைதியாகத்தான் இருந்தார்.

தூக்குத் தண்டனை பெற்ற பெண் கர்ப்பிணியாக இருந்தால் என்ன செய்வது என்பதைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலேயே யோசித்திருந்தது. தண்டனையைத் தள்ளிவைக்கலாம், ஆயுளாகக் குறைக்கலாம் என்றது. பிறகு அது திருத்தப்பட்டது. இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 456ஆம் பிரிவில் தள்ளிவைக்கும் பேச்சே இல்லை. ஆயுளாகக் குறைத்தே ஆக வேண்டும். தூக்கிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற நம் சட்டம் இவ்வளவு யோசித்திருக்கிறது. ரிமாண்டிலிருந்து காப்பாற்ற அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. தூக்குக் கயிற்றின் முன் நிற்கும் கர்ப்பிணி அபூர்வம். ரிமாண்டுக்கு வரும் கர்ப்பிணி அபூர்வமில்லை.

இன்னும் பின்னே போனால் கடலூர் அஞ்சலை அம்மாள் இருக்கிறார். 1932இல் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர் சிறைக்குப் போனபோது அவர் வாயும் வயிறுமாக இருந்தார். பேறுகாலம் நெருங்கியதும் ஆங்கிலேய அரசு அவரை வெளியே விட்டது. வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரத்துக்குள் மறுபடியும் சிறை. பச்சை உடம்போடு திரும்பிப் போன அந்தக் கொடுமையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் பாருங்கள்: பிரசவத்துக்கு வெளியே அனுப்பலாம், அனுப்பினால் ஓடிவிடமாட்டார், திரும்பி வருவார் என்கிற நடைமுறை நம்மை அடிமைப்படுத்தி வைத்திருந்த அரசிடமே இருந்தது.

சுதந்திர நாட்டில் அதையே விதியாகச் சொல்ல 2006 வரை காத்திருந்தோம். அந்த ஆண்டு ஏப்ரல் 13 அன்று, ஆர்.டி. உபாத்யாய் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில், தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் அமர்வு நாடு முழுமைக்கும் வழிகாட்டு நெறிகள் வகுத்தது. இங்கிருக்கும் இளம் வழக்கறிஞர்கள் அதை வரி வரியாகப் படிக்க வேண்டும். கர்ப்பிணியை ஒரு சிறைக்கு அனுப்பும் முன், அங்கே பிரசவத்துக்கும் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவும் குறைந்தபட்ச வசதி இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். உள்ளே வந்த பெண் கர்ப்பிணி என்று தெரிந்தால், சந்தேகம் இருந்தாலும்கூட, மாவட்ட அரசு மருத்துவமனையில் பரிசோதித்து எத்தனை மாதம், உடல்நிலை எப்படி, உத்தேசப் பேறுகாலத் தேதி எது என்று எழுதி வாங்க வேண்டும். முடிந்தவரை தற்காலிக விடுதலையோ பரோலோ கொடுத்து, பிரசவம் சிறைக்கு வெளியே நடக்கச் செய்ய வேண்டும். பாதுகாப்புக் காரணத்துக்காக மறுப்பது விதிவிலக்காகத்தான் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் சிறை என்று எழுதக் கூடாது, அந்த வட்டாரத்தின் முகவரியைத்தான் எழுத வேண்டும். பெயர் சூட்டும் சடங்குக்குக்கூட வசதி செய்து தர வேண்டும். ஆறு வயது வரை பிள்ளை தாயோடு இருக்கலாம். குழந்தையோடு உள்ளே இருக்கும் பெண்களின் வழக்குகளை நீதிமன்றங்கள் முன்னுரிமை கொடுத்து முடிக்க வேண்டும்.

2010இல் ஐ.நா. பொதுச்சபை பெண் கைதிகளுக்கான பாங்காக் விதிகளை ஏற்றது. மொத்தம் 70 விதிகள். பிரசவ வலியின்போதும், பிரசவத்தின்போதும், முடிந்த உடனேயும் விலங்கு கூடாது என்கிறது 24ஆவது விதி. கர்ப்பிணிக்குச் சிறையில்லாத தண்டனையே முதல் தெரிவாக இருக்கட்டும் என்கிறது 64ஆவது விதி. ஆக, சொல்ல வேண்டியதையெல்லாம் பெரியவர்கள் சொல்லியாயிற்று. தாள் நன்றாகத்தான் இருக்கிறது. தரையில் என்ன நடக்கிறது?

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம். திருவேற்காடு பக்கம் வாடகை வீடு. ஐந்து மாதக் கர்ப்பம். வீட்டில் இருபது கிலோவுக்கு மேல் கஞ்சா இருந்ததாகக் கணவனோடு சேர்த்து அவளையும் பிடிக்கிறார்கள். கைதானதும் அரசு மருத்துவமனையில் பரிசோதனை. சட்டப்படி பெண்ணைப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும், பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பரிசோதனை என்ன தேடுகிறது? உடம்பில் காயம் இருக்கிறதா, அடித்தார்களா என்று தேடுகிறது. அது அவசியம்தான். நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று யாராவது கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. பிறகு நடுவர் முன் நிறுத்துகிறார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஏதாவது புகார் உண்டா? தலையை ஆட்டுகிறாள். பதினைந்து நாள் நீதிமன்றக் காவல். அவள் புழல் மகளிர் சிறைக்குள் போகும்போது இருட்டிவிடுகிறது.

அவளுடைய தாய் சேய் நல அட்டை வீட்டு பீரோவில் கிடக்கிறது. எப்போது டி.டி. ஊசி போட்டாள், ரத்தம் எவ்வளவு, முதல் பிரசவம் ஆபரேஷனா சுகப்பிரசவமா, எல்லாம் அந்த அட்டையில் இருக்கிறது. தினம் ஒன்றாகப் போட வேண்டிய சத்து மாத்திரைப் பட்டை அடுப்படி மாடத்தில் பாதி தீர்ந்து கிடக்கிறது. அடுத்த வாரம் கிராம சுகாதாரச் செவிலியர் வழக்கம்போல வருகிறார். கதவில் பூட்டு. பக்கத்து வீட்டில் கேட்டால், சொல்லத் தயங்குகிறார்கள். பதிவேட்டில் ‘வீடு பூட்டி’ என்று எழுதிவிட்டு நகர்கிறார். அவர்மேல் தவறில்லை. ஆனால் அந்த ஒரு வரியோடு, நாட்டிலேயே சிறந்த வரிசையில் வைக்கத்தக்க நம் பேறுகாலக் கண்காணிப்பு ஏற்பாட்டிலிருந்து ஒரு பெண் கழன்று விழுகிறாள்.

நமக்குப் பெருமை உண்டு, நியாயமான பெருமை. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர். நம் மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பதுக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இது தானாக வந்ததில்லை. பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் போட்டு ஒவ்வொரு கர்ப்பிணியையும் பின்தொடர்கிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் தருகிறோம். அங்கன்வாடியில் சமுதாய வளைகாப்பு நடத்தி, வளையல் அடுக்கி, ஐந்து வகை சாதம் போடுகிறோம். இவ்வளவு செய்யும் அரசேதான், இன்னொரு துறையின் வழியே அவளைச் சிறைக்குள் வைத்திருக்கிறது. பிக்மி எண் மட்டும் அவள் பின்னாலேயே போவதில்லை. பூந்தமல்லி சுகாதார மாவட்டத்தில் இருக்கும் பதிவு வேறு. புழல் இருக்கும் சென்னை மாநகராட்சிப் பகுதியின் பதிவு வேறு.

சிறைக்குள் டாக்டர் இருக்கிறார். ஆனால் ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனை, மகப்பேறு நிபுணர் என்று வந்துவிட்டால் வெளி மருத்துவமனைக்குத்தான் போயாக வேண்டும். அதற்கு வழிக்காவல் வேண்டும். வழிக்காவல் என்பது சிறைத்துறையின் கையில் இல்லை. ஆயுதப்படையிலிருந்து ஆள் வர வேண்டும், அதிலும் பெண் காவலர் வர வேண்டும். அன்றைக்குப் பார்த்து ஒரு தலைவர் வருகை, ஒரு திருவிழா பந்தோபஸ்து என்றால் எஸ்கார்ட் கிடையாது. நீதிமன்ற வாய்தாவுக்கே கைதிகள் வராமல் போவதை நாங்கள் வாரந்தோறும் பார்க்கிறோம். வாய்தா தவறினால் அடுத்த தேதி போட்டுக்கொள்ளலாம். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அடுத்த தேதி கிடையாது. பிள்ளைக்கு முதுகுத்தண்டிலோ இதயத்திலோ குறை இருந்தால் கண்டுபிடிக்கிற ஸ்கேன் அது. குறை தெரிந்து, வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தாலும் 24 வாரம் தாண்டிவிட்டால், குறை கடுமையானது என்று மருத்துவ வாரியம் உறுதிசெய்தால்தான் 2021இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டம் இடம் தருகிறது. எஸ்கார்ட் இல்லாமல் போன வாரத்தைச் சட்டம் கழித்துக்கொள்வதில்லை.

அந்த உரிமையும் கைதிக்கு உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 2016 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் தானாக எடுத்த ஒரு வழக்கில், கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை சிறையில் இருப்பதால் போய்விடாது என்று தெளிவாகச் சொன்னது. அந்த அமர்வில் இருந்தவர் நீதிபதி தஹில் ரமானி. பின்னாளில் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியாக வந்தாரே, அவர்தான்.

இரவைப் பற்றிச் சொல்கிறேன். சிறையில் மாலையிலேயே அடைப்பு. எண்ணிக்கை எடுத்துப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறுவது, தலைவலி, கண் மங்குவது, ரத்தம் படுவது, பனிக்குடம் உடைவது, இவையெல்லாம் பகலில் வா என்றால் பகலில் வரும் சங்கதிகளா? நடுராத்திரி இடுப்பு வலி எடுத்தால் உள்ளேயிருந்து கூப்பிட வேண்டும். வார்டர் காதில் விழ வேண்டும். சாவி வர வேண்டும். அதிகாரி வர வேண்டும். வண்டி வர வேண்டும். வெளியே 108 ஆம்புலன்ஸ் சில நிமிடங்களில் வருகிறதென்றால், இங்கே வண்டி கேட்டுக்கு வருவதற்குள் இத்தனை படி. இது ஏழை நாட்டுச் சிறையின் குறை என்று நினைக்காதீர்கள். 2019 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிரான்ஸ்ஃபீல்ட் பெண்கள் சிறையில் 18 வயதுப் பெண் ஒருத்தி ராத்திரி அறையில் தனியாகவே பிள்ளை பெற்றாள். உதவிக்கு மணியை அழுத்தியும் யாரும் வரவில்லை. விடிந்து பார்த்தபோது குழந்தை உயிரோடு இல்லை. சிறைக் குறைதீர்ப்பாளர் 2021இல் வெளியிட்ட அறிக்கை அதை ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்தது. வசதி இருந்தும் அங்கே அப்படி நடந்தது. பூட்டு என்று ஒன்று இருக்கும் இடத்தில் மகப்பேறுக்கு ஆபத்து கூடவே இருக்கிறது.

சரி, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள் என்று வைப்போம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை கூட இருக்கலாம் என்பது நல்ல ஏற்பாடு. அம்மாவோ அத்தையோ கையைப் பிடித்துக்கொள்வார்கள். நம் பெண்ணுக்குத் துணை, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் காவலர். அந்தக் காவலரும் பெண்தான், அவருக்கும் பிள்ளை பெற்ற உடம்புதான். ஆனால் அவர் வந்தது காவலுக்கு. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். பூண்டுக் குழம்பு வைத்துப் பத்தியச் சாப்பாடு கொண்டுவர ஆள் இல்லை. அம்மாவுக்குத் தகவலே இன்னும் போய்ச் சேரவில்லை. சிறைக்குத் திரும்பினால் தையல் ஆறாத உடம்போடு, பால் கட்டிய மார்போடு, குழந்தையோடு, மறுபடியும் மாலை அடைப்பு.

இப்படி எத்தனை பேர்? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி நாட்டில் 23,772 பெண் கைதிகள். அவர்களில் 1,537 பேர் குழந்தைகளோடு இருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் 1,764 பேர். அந்தத் தாய்மாரில் 1,312 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். இடுப்பில் குழந்தையோடு இருப்பவரை இப்படி எண்ணுகிறார்கள். வயிற்றில் குழந்தையோடு இருப்பவரை எண்ணி வெளியிடும் பழக்கம் இல்லை. எண்ணாத ஒருவருக்கு யார் நிதி ஒதுக்குவார்கள், யார் எஸ்கார்ட் ஒதுக்குவார்கள்?

இந்த விசாரணைக் கைதி என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யச் சட்டம் தரும் கெடு 60 நாள், பெரிய வழக்கென்றால் 90 நாள்; போதைப்பொருள் வழக்கில் பெரிய அளவென்றால் அதற்கும் மேலே. மொத்தக் கர்ப்பகாலமே 280 நாள். புலனாய்வு முடிவதற்குள் கர்ப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஜாமீன் மனு, அரசுத் தரப்புப் பதிலுக்கு ஒரு வாய்தா, வாதத்துக்கு ஒரு வாய்தா, உத்தரவுக்கு ஒரு வாய்தா. ஜாமீன் கிடைத்தாலும் ஷூரிட்டி கொடுக்க ஆள் வேண்டும். கணவனும் உள்ளே என்றால் யார் வருவார்கள்?

இடையில் பதினைந்து நாளுக்கொரு முறை காவல் நீட்டிப்பு. முன்பு கைதியை நேரில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இப்போது நீதிமன்றக் காவலைக் காணொளி வழியே நீட்டிக்கச் சட்டம் இடம் தருகிறது. அலைச்சல் மிச்சம், எஸ்கார்ட் மிச்சம். கர்ப்பிணிக்கு வேன் குலுக்கலும் மிச்சம். நல்லதுதான். ஆனால் திரையில் தெரிவது முகம் மட்டும். ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று வயிறு வளர்ந்துகொண்டே போவதை நடுவர் பார்ப்பதில்லை. நேரில் நின்றிருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். திரை அந்த வாய்ப்பையும் எடுத்துவிட்டது.

பெண் என்பதற்காக ஜாமீனில் சலுகை உண்டே என்று கேட்பீர்கள். பொதுச் சட்டத்தில் உண்டு. போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவில் இல்லை. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்திலும் இல்லை. அந்தச் சட்டத்தில் 2020 ஏப்ரலில் டெல்லியில் கைதான ஆய்வு மாணவி சஃபூரா சர்கர் அப்போது கர்ப்பிணி. கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். அவர் ஜாமீனை எதிர்த்துக் காவல்துறை சொன்ன காரணங்களில் ஒன்று, கடந்த பத்தாண்டில் திகார் சிறையில் 39 பிரசவங்கள் நடந்திருக்கின்றன என்பது. யோசித்துப் பாருங்கள். நாம் வெட்கப்பட வேண்டிய கணக்கை ஒரு வசதிச் சான்றிதழைப் போல நீட்டினார்கள். கடைசியில் மனிதாபிமான அடிப்படையில் அரசு எதிர்க்கவில்லை. ஜூன் 23 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தது.

அதன்பின் வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவருகிறது. 2021இல் இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம், கர்ப்பிணிக்குத் தேவை ஜாமீன், சிறை அல்ல என்ற கருத்தில், பிரசவம் முடிந்து ஓராண்டு வரைக்கும்கூட அந்தப் பாதுகாப்பு நீள வேண்டும் என்றது. 2024 நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, கஞ்சா வழக்கில் இருந்த கர்ப்பிணி ஒருவருக்கு ஆறு மாதத் தற்காலிக ஜாமீன் கொடுத்தது. கைதிக்கும் கண்ணியம் உண்டு, சிறைச் சூழலில் பிரசவம் தாயையும் சேயையும் பாதிக்கும் என்பதுதான் காரணம். பிரேசில் நாட்டில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரே ஆணையில், விசாரணைக் கைதிகளான கர்ப்பிணிகளையும் சின்னக் குழந்தைகளின் தாய்மாரையும், சில விதிவிலக்குகள் தவிர, வீட்டுக் காவலுக்கு மாற்றச் சொன்னது. ஒவ்வொருத்தியும் தனித்தனியே மனுப்போட்டு உயர் நீதிமன்றம் வரை அலைய வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். நம் நாட்டில் இன்னும் நல்ல வக்கீல் அமைந்தவளுக்கு நல்ல உத்தரவு, அமையாதவளுக்குச் சிறைப் பிரசவம் என்ற நிலைதான்.

எதிர்ப்பக்கம் ஒரு வாதம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கர்ப்பிணி என்றால் வெளியே விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தால், கஞ்சா கடத்தும் கும்பல்கள் கர்ப்பிணிகளையே முன்னால் நிறுத்தாதா? நிறுத்தலாம். வறுமையில் இருக்கும் பெண்களை அப்படிப் பயன்படுத்துவது நடக்காத காரியமல்ல. ஆனால் நாம் கேட்பது வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அல்ல. விசாரணை நடக்கட்டும், குற்றம் நிரூபணமானால் தண்டனையும் வரட்டும். பேறுகாலத்தை ஒட்டிச் சில மாதங்கள் வெளியே இருக்கட்டும் என்கிறோம். காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடட்டும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்கட்டும், ஊரைத் தாண்டாமல் இருக்கட்டும். நிறைமாதத்துப் பெண் ஓடி ஒளிவது எவ்வளவு கஷ்டம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். கும்பலைப் பிடிக்க வேண்டிய வேலையை அவள் வயிற்றின் மேல் சுமத்துவது நியாயமில்லை.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? சுகாதாரத் துறை நண்பர்களுக்கு முதலில். பதிவேட்டில் ‘வீடு பூட்டி’ என்று எழுதும் முன் ஒரு படி கூடுதலாகக் கேளுங்கள். அவள் சிறையில் இருக்கிறாள் என்று தெரிந்தால் பிக்மி பதிவைச் சிறை இருக்கும் பகுதியின் மகப்பேறு நிலையத்துக்கு மாற்றிக்கொடுங்கள். அட்டையின் நகலை வீட்டார் வழியாகச் சிறை மருத்துவருக்குச் சேர்ப்பியுங்கள். மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. அந்த நிபுணர் மாதத்துக்கு ஒரு நாள் மகளிர் சிறைக்குப் போனால், எத்தனை எஸ்கார்ட் மிச்சம்! ஒரு நடமாடும் ஸ்கேன் கருவியை உள்ளே கொண்டுபோவது, பத்துக் கர்ப்பிணிகளுக்கு இருபது காவலர்களைத் தேடுவதைவிடச் சுலபம்.

கைதானதும் பார்க்கும் டாக்டர்களுக்கு: பிள்ளை பெறும் வயதுப் பெண் என்றால், அவள் சம்மதித்தால், சிறுநீர்ப் பரிசோதனை அட்டையைப் பயன்படுத்துங்கள். சம்மதம் முக்கியம். கல்யாணம் ஆகாதவள் இருப்பாள், கணவனுக்குத் தெரியக் கூடாதவள் இருப்பாள், வன்கொடுமைக்கு ஆளாகி வாய்திறக்காதவள் இருப்பாள். காவலர்கள் எதிரில் கேட்காதீர்கள். முடிவை மூடிய உறையில் நடுவருக்கு அனுப்புங்கள்.

இனி என் தொழில் தோழர்களுக்கு. பெண்ணுக்கும், காவலில் இருப்பவருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. ஆகவே ரிமாண்டு நேரத்தில் அவள் பக்கத்தில் ஒரு வக்கீல் நிற்பதற்குத் தடை எதுவும் இல்லை. நின்றால் மட்டும் போதாது. ரிமாண்டை எதிர்த்து நீண்ட வாதம் செய்ய நேரம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். அரைத்தாளில் ஒரு மெமோ கொடுங்கள், மூன்று வரி போதும். இவர் இத்தனை மாதக் கர்ப்பிணி, உத்தேசப் பேறுகாலத் தேதி இது. உபாத்யாய் தீர்ப்பின்படி, அனுப்பும் சிறையில் வசதி உண்டா என்று அறிக்கை கேட்டு ஆணையிட வேண்டும். பேறுகாலத் தேதிக்கு ஆறு வாரம் முன்பே ஜாமீன் பற்றி இந்த நீதிமன்றம் தானாக எடுத்து விசாரிக்கத் தேதி குறிக்க வேண்டும்.

அந்த மெமோ வழக்குக் கட்டில் ஏறிவிட்டால், காவல் நீட்டிப்புக்குக் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அந்தத் தேதி நடுவர் கண்ணில் படும். திரையில் தெரியாதது தாளில் தெரியும். அதற்குப் பிறகும் அந்தப் பெண் பூட்டுக்குப் பின்னால் பிள்ளை பெற்றால், அது யாருக்கும் தெரியாமல் நடந்த விபத்து என்று சொல்ல முடியாது. தெரிந்தே நடந்ததற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை நீதிமன்றம் கூடியதும் தொடங்கலாம்.